கல்யாணத்துக்கு வராதவள்

“வராட்டா கெட! ஆனா, ஒம் புள்ளைகளை நான் வளப்பேன்னு மட்டும் நெனச்சிராத!”

இப்படிச் சொன்னவள் சொர்ணத்தாய். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்தவளிடம் பேசுகிற பேச்சா இது? அதுவும் ஒரே வீட்டுக்கு வாழ வந்த மூத்த மருமகள்! வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் இதுதான்.

இளையவள் மாரிச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாளைக் காலை திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சேர வேண்டும். மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

இருபத்தைந்து நாள் இடைசெவலிலிருந்து பஸ் ஏறிப் போய் கரண்டு என்கிற கதிர்வீச்சு வைத்துக்கொண்டு வந்தவள்தான். இரத்தப்போக்கு நின்று ஒன்றரை மாதம் ஆகிறது. இப்போதுதான் இரண்டு வாய் சோறு இறங்குகிறது.

“அதான் நின்னுட்டுல்லா? இன்னும் என்னத்துக்கு வயித்தைக் கீறணும்?”

“கட்டி சுருங்கத்தான் செஞ்சிருக்கு. மிச்சம் மீதி இருந்தா திரும்ப மொளைக்கும், கர்ப்பப்பையோட எடுத்திரணும்னு டாக்டரம்மா சொன்னாவள்லா?” என்றான் அவள் புருஷன் ராஜபாண்டி. “நாளைக் கடத்துனா உள்ள இறுகிரும், பெறகு கத்தி வைக்கது கஷ்டமாம்.”

மில் இரைச்சலில் கத்திப் பேசிப் பழகியவன். இன்று கெஞ்சுகிற மாதிரிதான் பேசினான்.

“கரண்டு வச்ச ஒடம்பு கத்தி தாங்குமா?”

குறி பார்த்துக் கரண்டு வைப்பதற்காக அவள் இடுப்பில் இரண்டும் அடிவயிற்றில் ஒன்றுமாகப் பச்சை குத்தியிருந்தார்கள். கடுகளவுப் புள்ளிதான். சேலைக்கு மேலேயே அதைத் தடவிக்கொண்டு சொன்னாள்.

“எமன் வச்ச பொட்டு மாதிரி இருக்கு. இப்படி அடையாளம் போட்டவ யாராச்சும் ஆபரேஷனும் பண்ணிப் பொழச்சு, நாம கண்ணால பாத்திருக்கமா?”

அந்த நோய் வந்தவர்கள் எங்கே வெளியே சொல்கிறார்கள்?

“பஸ்ஸு ஏழு மணிக்கு. பொலம்பாம பையை எடுத்து வை” என்றாள் சொர்ணத்தாய்.

மாமியார் சங்கரம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

“ஏட்டி, நீ பேசாத! எட்டு வருசத்துக்கு முன்ன, இவ கல்யாணத்துக்கு நிச்சயம் பண்ணுன மறுவாரமே, ஒண்ணுமில்லாத விசயத்துக்குச் சண்டை போட்டுட்டு குளத்தூருக்கு ஆத்தா வீட்டுக்குப் போனவதானே நீ? நாலு மாசம் எட்டிப் பாத்தியா? மூத்த மருமவ எங்கன்னு மண்டபத்துல கேட்ட சனத்துக்குப் பதில் சொல்ல முடியாம நின்னேன்.”

மாரிச்செல்விக்கும் அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை.

“எங் கல்யாணத்துக்கு வராதவ, என்னைய சாவக் குடுக்க மட்டும் முன்னால நிக்கா” என்று விம்மினாள்.

சொர்ணத்தாய் விறுவிறுவென்று வந்து மாரிச்செல்வியின் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போனாள். கதவு சாத்தப்பட்டது.

“மதினி! அடிச்சுக்கிடிச்சு வச்சிராதீங்க!” ராஜபாண்டி வெளியே பதறினான்.

உள்ளே சொர்ணத்தாய் கொசுவத்தைத் தளர்த்திச் சேலையை இறக்கினாள்.

இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பச்சைப் புள்ளி. அடிவயிற்றில் ஒன்று. தொப்புளுக்குக் கீழே நெட்டுக்க ஆறிப்போன தையல் தழும்பு.

மாரிச்செல்வி விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“அக்கா... இது எப்ப?”

“எட்டு வருசமாச்சு. மொதல்ல கரண்டு, பெறகு ஆபரேஷன். எங்க ஆத்தாளுக்கும் எம் புருசனுக்கும் மட்டுந்தான் தெரியும்.”

கொசுவத்தைச் சொருகிக்கொண்டே சொர்ணத்தாய் கேட்டாள்.

“புத்துநோய் வந்த வீடுன்னு தெரிஞ்சிருந்தா, ஒங்கய்யா ஒன்னைய இங்கன கட்டிக் குடுத்திருப்பாவளா, சொல்லுட்டி?”