இரண்டு மாணிக்கம்

இது நேரில் பார்த்தது இல்லை. பொன்னேரி போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டு மரியம்மா அக்கா சொன்னது. அதனால் ஊர்ப் பெயர் வேண்டாம். பழவேற்காடு ஏரியில், பசியாவரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தீவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!"

மீனவர் சங்கக் கட்டடத்துக்குள்ளிருந்து நிவேதா போட்ட கூச்சலில், வெளியே வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

"இன்னாம்மா வந்துச்சு? புயலா?"

"அப்டேட் சித்தப்பா! கம்ப்யூட்டருக்கு!"

"அடச்சே. நான் படகுதான் கவுந்துடுச்சோன்னு ஓடியாந்தேன்."

நிவேதா அந்த ஊரின் முதல் பட்டதாரி. எட்டாவதிலிருந்து விடுதியில் தங்கிப் படித்தவள். சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்தான் ஆகிறது.

அங்கே இரண்டு கம்ப்யூட்டர்கள். புதியதில் இப்போது ஒரு வசதி சேர்ந்திருந்தது. எந்தப் பட்டியல் அடித்தாலும் அதுவே படித்துப் பார்த்துத் தப்பைச் சொல்லிவிடும். பத்து வருடப் பழசில் ஒரே ஒரு வரிதான் வந்தது: 'இந்த வசதி இந்தக் கணினிக்குக் கிடையாது.'

நிவேதாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றைக்குத்தான் பாடு பட்டியல் அடிக்க வேண்டிய நாள்.

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். எந்த வீடு என்றைக்கு அங்கே வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி வரிசை எழுதுவார்கள். அந்த வரிசைதான் வருடம் முழுக்கச் சோறு.

"பிரகாஷ் அண்ணா, பட்டியலைக் குடுங்க. புதுசுல அடிச்சிடறேன். டிவியில மாட்டி ஊருக்கே காட்டறேன்!"

சங்கச் செயலாளர் பிரகாஷ் தாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வாணாம்மா. பாடு மட்டும் பழசுலதான்."

"அது தப்பே கண்டுபிடிக்காதுண்ணா."

"கேள்வி கேக்காம அடிச்சுக் குடுக்கும். அதான் எனக்குப் புடிச்சிருக்கு."

"வுடும்மா, பழசுலயே அடிக்கட்டும்" என்றார் ஒருவர்.

"ஆமா, ரெண்டு தட்டு தட்டுனா ஓடும். எங்க மச்சான் மாதிரி" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எல்லோருமே பழசுக்குத்தான் பேசினார்கள். அது நிவேதாவுக்கு உறுத்தியது.

பிரகாஷ் போன் பேச வெளியே போனார். தாள் மேசையில் இருந்தது. நிவேதா புதுசைச் சங்கத்து டிவியில் மாட்டினாள். விரல்கள் பறந்தன. நாற்பத்து மூன்று பெயர்கள். அடித்து முடித்ததும் டிவியில் பளிச்சென்று இரண்டு வரிகள் மஞ்சளாயின.

ஏழு: மாணிக்கம். பத்தொன்பது: மாணிக்கம்.

கீழே ஒரு கேள்வி: 'ஒரே பெயர் இருமுறை உள்ளது. ஒன்றை நீக்கவா?'

தான்தான் தப்பாக அடித்துவிட்டோமோ என்று பயந்து தாளை இரண்டு முறை பார்த்தாள். தாளிலும் அப்படித்தான் இருந்தது. ஊரில் மாணிக்கம் ஒருவர்தான். பிரகாஷின் மாமனார்.

பிரகாஷ் உள்ளே வந்தார். டிவியைப் பார்த்து அப்படியே நின்றார்.

"மாமனாருக்கு ரெண்டு பாடாண்ணா?" நிவேதா மஞ்சள் வரிகளைக் காட்டினாள். "இதுக்குத்தான் பழசா? ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு பாடுதானே?"

பிரகாஷ் டிவி ரிமோட்டைத் தேடினார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மாணிக்கம் முன்னே வந்தார். ஊர்முறையில் அவளுக்குப் பெரியப்பா. "அவனைக் கேக்காதம்மா. எனக்குத்தான் பேராசை. ரெண்டு சீட்டு எழுதிப் போட்டேன். ஒண்ணை எடுத்துடு."

ஒப்புக்கொண்டுவிட்டார்! நிவேதா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். படித்த படிப்புக்கு இன்றைக்கு ஒரு பயன். மவுஸை நகர்த்தி 'நீக்கு' என்பதன் மேல் வைத்தாள்.

"கையை எடுடி!"

வாசலில் மீன்கூடையோடு அவள் அம்மா குணசுந்தரி.

"நீ சும்மா இரும்மா. உனுக்கு இதெல்லாம்..."

"எனுக்குத்தான்டி தெரியும். அது நம்ம பாடு."

"நம்மளுதா?"

"உங்க நைனா முகத்துவாரத்துல முழுகிப் போனாரே, அதோட நம்ம பேரு பட்டியல்லேர்ந்து போச்சு. ஆம்பிளை இல்லாத வூட்டுக்குப் பாடு இல்லன்றது ஊர்க் கட்டுப்பாடு. அதை மாத்த முடியல. அந்த வருசமே பெரியப்பா தன் பேரை ரெண்டு சீட்டுல எழுதிப் போட்டாரு. அந்த நாள்ல வலை போடறதும் அவருதான். மீனு மட்டும் நம்ம வூட்டுக்கு வரும். எட்டு வருசமா ஊரே பாத்தும் பாக்காத மாதிரி இருக்குது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"தெரிஞ்சா நீ கூசிக்கினு படிப்பை வுட்டுட்டு வந்துடுவியோன்னு அவருதான் சொல்ல வேணாம்னாரு."

மாணிக்கம் யாரையும் பார்க்காமல் தலைகுனிந்து நின்றார். டிவி இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தது: 'நீக்கவா?'

மரியம்மா அக்கா இதோடு நிறுத்திவிட்டு அவருடைய ஸ்டாப்பில் இறங்கிவிட்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. போன மாதம் படகேறிப் போய்ப் பார்த்தேன். சங்கச் சுவரில் அந்தப் பட்டியல் ஒட்டியிருந்தது.

ஏழு: மாணிக்கம். பத்தொன்பது: மாணிக்கம்.

அடியில் பேனாவில் கையெழுத்து: 'சரிபார்த்தது, நிவேதா, பி.எஸ்சி.'