நிலைப்படிக்கு அந்தப் பக்கம்

"இடுப்புல இருக்கா?"

"இருக்கு, மேடம்."

"அப்ப அங்கேயே நில்லு."

எல்லிஸ் வழக்கம்போல நிலைப்படிக்கு வெளியே நின்றான். நான் பலகையைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துக் கணக்கைத் தொடங்கினேன். அவன் அங்கிருந்தே எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டான்.

டெக்சஸில் லைசென்ஸ் இருந்தால் கல்லூரிக்குள் துப்பாக்கியை மறைத்துக் கொண்டுவரலாம். எங்கள் கல்லூரியில், அவரவர் சொந்த அறைக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்ல ஆசிரியர்களுக்கு உரிமை உண்டு. கதவில் எழுதி ஒட்டினால் செல்லாது. வருகிற ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் மூன்றாம் மாடியில் மற்ற ஆசிரியர்கள் சொல்லிச் சொல்லிச் சலித்து விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை.

துப்பாக்கி எனக்கு ஒன்றும் புதிதில்லை. அப்பாவோடு மான் வேட்டைக்குப் போய் வளர்ந்தவள்தான். ஆனால் ஒருவனுக்கு ஃபெயில் போடும்போது அவன் இடுப்பைப் பார்த்துக்கொண்டு போட என்னால் ஆகாது. என் கட்சி அவ்வளவுதான்.

எல்லிஸின் கட்சி வேறு. இரவெல்லாம் பெட்ரோல் பங்கில் வேலை. ஒருமுறை கல்லாவைத் திறக்கச் சொல்லி அவன் நெற்றியில் துப்பாக்கியை வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்து நேரே பஸ் பிடித்து இங்கே வருகிறான். கார் உள்ளவர்கள் காரிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருகிறார்கள். இவனிடம் கார் இல்லை.

"சட்டம் எனக்கும்தானே மேடம்?" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டான். என்னைவிடப் பெரிய பிடிவாதக்காரன்.

எதிர் அறை ப்ரூயிட் காபிக் கோப்பையோடு வந்தார். "வெர்னா, பாவம் அந்தப் பையன். ஒரு நாற்காலியாவது வெளிய போடேன்."

"உங்க வேலையப் பாருங்க," என்றேன். எல்லிஸ் சிரித்தான். ப்ரூயிட் படியிறங்கிப் போனார்.

மூன்றாவது வரியில் தப்பு இருக்கிறது என்றான் எல்லிஸ். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கையை நன்றாக உயர்த்திச் சுட்டிக் காட்டினான். அவன் சொன்னதுதான் சரி. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் கல்லூரியின் எச்சரிக்கைச் செய்தி வந்து இரண்டு பேருடைய போனும் ஒன்றாக அலறின.

கணிதக் கட்டடத்தில் ஆயுதத்தோடு ஒருவன். கதவுகளைப் பூட்டுங்கள். வெளியே நிற்பவர்களை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள்.

தாழ்வாரம் முழுக்கக் கதவுகள் சாத்தப்படும் சத்தம். யாரோ மேசையை இழுத்தார்கள். வெளியே எல்லிஸ் மட்டும் நின்றான்.

என் கை கதவுப் பிடியில் இருந்தது. இத்தனை வருடம் பிடித்த பிடிவாதம். போகட்டும்.

"உள்ள வா."

"இதோடயா?"

"இதோடதான். வாடா சீக்கிரம்."

அவன் ஒரு காலை உள்ளே வைத்தான். போன் மறுபடி அலறியது.

கறுப்பின இளைஞன். சாம்பல் நிறச் சட்டை. இடுப்பில் துப்பாக்கி. மூன்றாம் மாடியில் ஓர் அறை வாசலில் நிற்கிறான்.

பலகையைச் சுட்டிக் காட்டக் கையை உயர்த்தியபோது அவன் சட்டை மேலேறியிருக்கிறது. யாரோ பார்த்திருக்கிறார்கள்.

அவன் நிறத்தை நான் இதுவரை சொல்லவில்லை. என் கணக்குக்கு அது தேவைப்படவில்லை. அவர்கள் செய்தியில் அதுதான் முதல் வார்த்தை.

எல்லிஸும் படித்துவிட்டான். உள்ளே வைத்த காலை மெதுவாக வெளியே எடுத்தான்.

"என்னடா பண்றே? உள்ள வா."

"வந்து கதவப் பூட்டினா, உங்களப் பிடிச்சு வெச்சிருக்கேன்னு போலீஸ்ல நெனப்பாங்க மேடம். நீங்க பூட்டிக்கோங்க."

"அதக் கழட்டிக் கீழ வை."

"எடுக்குற நேரத்துல அவங்க வந்துட்டா?"

அவன் கையைத் தூக்கினால் சட்டை ஏறும், துப்பாக்கி தெரியும். தூக்காவிட்டால், ஏன் தூக்கவில்லை என்பார்கள். கீழே படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது.

பயமாகத்தான் இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. யார் மேல் என்று கேட்டால் எல்லார் மேலும்தான். அவன் மேல், என் மேல், இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மேல், போன் செய்த புண்ணியவான் மேல்.

நான் நிலைப்படியைத் தாண்டி வெளியே போனேன். படிக்கட்டைப் பார்த்து, அவனை மறைத்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"மேடம், வேணாம். உள்ள போங்க."

"வாய மூடு. கைய என் தோள் மேல வை. ரெண்டும் அவங்களுக்குத் தெரியணும்."

இரண்டு உள்ளங்கைகளும் என் தோளில் வந்து விழுந்தன. சில்லென்றிருந்தன.

படிக்கட்டுத் திருப்பத்தில் முதலில் துப்பாக்கிக் குழல்கள் தெரிந்தன. அப்புறம்தான் முகங்கள்.

"இவன் என் மாணவன்," என்று கத்தினேன். "லைசென்ஸ் இருக்கு. துப்பாக்கி இடுப்புலதான் இருக்கு. அவன் அதத் தொடல."

"மேடம், நீங்க தள்ளிப் போங்க," என்றார் முன்னால் வந்தவர். எனக்குப் பின்னால் பார்த்து, "டேய், நீ அசஞ்சே, சுட்டுடுவேன்," என்றார்.

என் தோளில் இருந்த விரல்கள் இறுகின.

"மேடம், தள்ளிப் போங்க."

"முடியாது," என்றேன். "மொதல்ல அவன்கிட்ட மரியாதையாப் பேசுங்க."