ஆயுள் மானியம்

சிறந்த மருத்துவ ஆய்வாளர்களுக்கு அரசு ஆயுள் முழுவதும் மானியம் கொடுக்கத் தொடங்கியிருந்த காலம். தசைச்சிதைவு நோயை ஆராய்ந்த மரகதவல்லிக்கும் அது கிடைத்திருந்தது. ஆனால் பல வருடம் பாடுபட்டு அவர் கண்டுபிடித்த மருந்து பலிக்கவில்லை.

அதைச் சொல்ல, மருந்தைச் சாப்பிட்டுவந்த ஜெனிஷாவின் தூத்துக்குடி வீட்டுக்கு நேரிலேயே போனார். சக்கர நாற்காலியில் இருந்த சிறுமி எல்லாவற்றையும் கேட்டாள். அவள் அப்பா அந்தோணி தலைகுனிந்து நின்றார். முன்பு வந்த ஆய்வாளர்கள் இருவரும் மருந்து தோற்று, நிதி நின்றதும் வேறு நோய்க்கு மாறிப் போனவர்கள்.

"அப்போ நீங்களும் போயிருவீங்களா டாக்டர்?" என்றாள் ஜெனிஷா.

"எங்கம்மா போக? கவர்மென்ட் பணம் கொடுக்கிறது மருந்துக்கு இல்ல, எனக்கு. நான் இருக்கிற வரைக்கும் இந்த நோயை விடப்போறதில்ல. நாளைக்கே புதுசா ஆரம்பிக்கிறேன்."

"அப்படின்னா வெள்ளிக்கிழமை வந்து மறுபடியும் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கணுமா?"

"கொடுக்கணும்."

"ஐயோ, வெள்ளிக்கிழமை என் ஃப்ரெண்டு பர்த்டே!" என்று சிணுங்கிய ஜெனிஷா, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள். "இப்பவே எடுத்துட்டுப் போயிருங்க."

அந்தோணி வாய்விட்டுச் சிரித்தார். மரகதவல்லி சிரித்துக்கொண்டே பையில் ஊசியைத் தேடினார்.