பச்சைக் குச்சி

இல்லாதவர்களிடம் டாக்டர் வாசுகி காசு வாங்கமாட்டார். ஆனால் முதலில் அவர்கள் காதைப் பார்ப்பார். தோட்டைக் கழற்றி ஒளித்துவிட்டு வருகிறார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து இந்தப் பழக்கம். முப்பிடாதிக்கு மூக்குத்தி மட்டும்தான் இருந்தது. காதுத்துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி செருகியிருந்தாள். டாக்டர் அதை உருவிப் பார்த்தார்.

“இன்னும் பச்சையா இருக்கே. தோடு எங்க?”

“முந்தாநாள் எங்க வீட்டுக்காரருக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னீங்கள்லா டாக்டரம்மா, அதுக்கு வித்தாச்சு.”

“முந்தானையில என்ன முடிச்சு? பிரிச்சுக் காட்டு.”

முப்பிடாதி பிரித்தாள். உள்ளே இன்னொரு வேப்பங்குச்சி, முன்னதைவிட மெல்லிசாகச் சீவியது.

“இது மூக்குக்கு. இன்னைக்கு என்ன எழுதுவீங்களோ, தெரியாதுல்லா.”