இரண்டு மூச்சுக்கு நடுவில்

"அந்த மூச்சு சத்தத்தை எடுத்துடுங்கக்கா," என்றார் இயக்குநர், கதவருகிலேயே நின்றுகொண்டு.

எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். காலையிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை.

படம் ஒரு கிளாரினெட் வாசிப்பவரைப் பற்றியது. எத்தனையோ பாட்டுகளுக்கு வாசித்தவர். ஒன்றிலாவது பெயர் வந்ததா என்றால் இல்லை. ரெக்கார்டிங் அறையின் பின்வரிசையில் உட்கார்ந்தே ஆயுளை ஓட்டிவிட்டார். கேமராவுக்கு முன்னால் அவர் வாய் திறந்தது இந்த ஒரு தடவைதான். அதுவும் இயக்குநர் விடாப்பிடியாக வீட்டு வாசலில் வந்து நின்றதால்.

பேச்சு நன்றாகத்தான் வந்திருக்கிறது. மனிதருக்கு நக்கல் ஜாஸ்தி. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் கர்ரென்று ஒரு இழுப்பு. நுரையீரல் பாழாகியிருந்தது.

பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடினால் மைக்கில் விழும். அதை நிறுத்தச் சொன்னதே அவர்தான். "வாசிக்கிறவன் படத்துல மோட்டார் ஓடலாமாய்யா?" அதுவும் பதிவாகியிருக்கிறது.

தயாரிப்பாளர் ஒரு தடவை கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். பேட்டியை மொத்தமாகத் தூக்கிவிட்டு, வேறு யாரையாவது வைத்துக் குரல் கொடுத்துவிடலாம் என்றார்.

திரும்பப் போய் எடுக்கலாம் என்றால் ஆள் இல்லை. போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆக, மூச்சை எடுத்தால் அவர் குரல் படத்தில் இருக்கும். எடுக்காவிட்டால் அதுவும் போகும். சாயங்காலத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும்.

"இந்த வேலையை வேற யாரையாவது வெச்சுப் பண்ணிக்கலாமேக்கா." இயக்குநர் இதை நேற்றும் சொன்னார், இன்றும் சொன்னார். படங்களின் ஒலியைத் துடைத்துக் கொடுப்பதுதான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு. என்னிடமே வந்து இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? நான் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். டீயை மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

மூச்சை வெட்டி எறிவது பெரிய காரியமில்லை. வெட்டின இடம் ஓட்டையாக நிற்குமே, அதுதான் தொல்லை. சும்மா கிடக்கிற அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. அது சட்டென்று நின்றால், பார்க்கிறவர்களுக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். அதனால் பேட்டி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து, அரை நிமிஷம் அந்த அறையை மட்டும் பதிவு செய்வார்கள். பிறகு ஓட்டைகளை அதை வைத்து அடைப்போம்.

பேட்டி எடுத்த வீட்டிலும் அப்படிப் பதிவு செய்திருந்தார்கள். சுவர்க் கடிகாரம். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. வாஷர் போய் ரொம்ப நாளாகிறது. ஒரு இழுப்பு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு இழுப்பு. அரை நிமிஷம் ஆவதற்குள் ஒரு பெண் குரல் குறுக்கே விழுகிறது. "போதும், மெஷினைப் போடுங்க!"

அத்தோடு பதிவு பாழ்.

குரல் விழும்வரை கேட்பேன். நிறுத்துவேன். பின்னால் போவேன். அதற்கப்புறம் இருப்பது வேலைக்கு ஆகாது.

கடைசியில், இரண்டு இழுப்புக்கு நடுவில் துளி இடம் அகப்பட்டது. அதை வெட்டியெடுத்து, திரும்பத் திரும்ப நகலெடுத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்து ஒட்டினேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. நெஞ்சில் ஒன்றுமே இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் தாடை இருக்குமே, அப்படி மரத்துப்போய் இருந்தது. டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அப்படியே குடித்தேன்.

சாயங்காலம் இயக்குநரும் தயாரிப்பாளரும் வந்து உட்கார்ந்தார்கள். திரையில் அவர் பேசினார், சிரித்தார், யாரையோ கிண்டல் பண்ணினார். சட்டைக்குள் மார்பு ஏறி இறங்குவது தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

தயாரிப்பாளர் தொடையில் தட்டினார். "மூச்சே கேக்கலையே! பிரமாதம்மா, பிரமாதம். பேட்டி அப்படியே இருக்கட்டும்."

இயக்குநர் மூக்கை உறிஞ்சினார்.

அதோடு விட்டிருக்கலாம். இந்த வித்தையை எப்படிச் செய்தேன் என்று தயாரிப்பாளருக்குத் தெரிய வேண்டுமாம். அறையின் பதிவைப் போட்டுக் காட்டினேன். கடிகாரம், குழாய், இழுப்பு, இழுப்பு, அந்தக் குரல். வழக்கம்போல அங்கேயே நிறுத்தினேன்.

அவர் சிரித்துவிட்டார். "யாரும்மா அது? அரை நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா அந்தம்மாவால?"

இயக்குநர் தரையைப் பார்த்தார்.

"நான்தான் சார்," என்றேன். "அவர் எங்க வீட்டுக்காரர்."

தயாரிப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். என்னென்னவோ சொன்னார். பரவாயில்லை சார் என்று நானும் சொன்னேன். நான் அழுவேன் என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். எனக்கு வரவில்லை. சாவு வீட்டிலும் வரவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்கள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். நிறுத்தின இடத்திலிருந்து ஓடவிட்டேன். என் குரலுக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று இதுவரை நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டிருப்பேன், பதறிக்கொண்டிருந்ததில் மனதில் தங்கவில்லை.

யாரோ ஒரு எட்டு வைக்கிறார்கள். மெஷின் பக்கமாக இருக்கும்.

ஒரு இழுப்பு. அதைத் தாண்டி அவர் குரல், மெதுவாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பேசாம இருடி. இன்னும் முடியலை."

கடிகாரம் ஓடியது. குழாய் சொட்டியது. இழுப்பு வந்தது, போனது.

நான் பேசாமல் இருந்தேன்.