ராசாத்தி கேட்ட வரம்

ராசாத்திக்குப் புற்றுநோய் என்று டாக்டரம்மா சொன்னதும் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்படியொரு சிரிப்பை அவள் முகத்தில் புருஷன் அழகேசன் தங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"அப்ப எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்களே?"

"புவனாவுக்குப் பயமில்லம்மா. உங்க ரெண்டு பேர் தலையிலயும் இருந்தது ஒரே மாதிரிக் கட்டிதான். குடும்பத்துல வர்ற அபூர்வமான கட்டி. லேபுல சாயம் போட்டுப் பாத்ததுல உங்களுதுல மட்டும் ஒரு புரதம் ரொம்ப அதிகமா இருக்கு. அது இருந்தா சீக்கிரம் பரவும். இந்த வாரமே பெரிய ஆபரேஷன் பண்ணியாகணும்."

"பண்ணுங்க. எது வந்தாலும் எனக்கே வரட்டும்னுதான் சிறுவாச்சூர் ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். கேட்டுட்டா!"

அழகேசன் மஞ்சள் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வெட்டியெடுத்த கட்டிகளைக் கெடாமலிருக்க மருந்து ஊற்றி ஆளுக்கொரு டப்பாவில் போட்டுக் கொடுத்தபோது, பெரம்பலூரிலிருந்து திருச்சி லேபுக்குப் பஸ்ஸில் கொண்டுபோனவர் அவர்தான். அன்று பையில் கொட்டிய மருந்தின் வாடை இரண்டு வாரமாகியும் போகவில்லை. அடியில் நீல மைக் கறை வேறு.

"அந்தப் பையத் தூக்கி எறிஞ்சா என்னங்க? கொடலப் புரட்டுது" என்றாள் ராசாத்தி. அவர் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

கதவோரம் நின்ற புவனா தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஏன்டி அழுவுற? நாளைக்கே அரியலூர் காலேஜுக்குக் கெளம்பு. ஒன்னைய ஆத்தா விட்டுட்டாடி!"

பெண்டாட்டிக்காக அழுவதா, மகள் தப்பித்தாள் என்று சந்தோஷப்படுவதா? பாவம், இரண்டுக்கும் வழியில்லாமல் மனுஷன் தவித்துப் போனார். இரண்டு வாரமாகவே ராத்தூக்கம் கிடையாது.

"ஐயா, நீங்கதான் தைரியமா இருக்கணும். ஆபரேஷனுக்குச் சம்மதம்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க." டாக்டரம்மா பேனாவை நீட்டினார்.

அவர் பேனாவையே உற்றுப் பார்த்தார். வாங்கி, அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டார்.

"என்னங்க, போடுங்களேன்" என்றாள் ராசாத்தி, இன்னும் சிரிப்பு மாறாமல்.

அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"டாக்டரம்மா... அன்னிக்கு மருந்து கொட்டி ரெண்டு டப்பாவுலயும் பேரு அழிஞ்சு போச்சுங்க. நானா ஒரு குத்துமதிப்பாத்தான் எழுதுனேன்."