பத்தொன்பதாவது இடம்

தேர்வு தொடங்கிப் பதினோரு நிமிடம்தான் ஆகியிருந்தது. கண்டக்டர் அக்கா எழுந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே போய்விட்டார்.

கேள்வித்தாள், விடைத்தாள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டுதான் போனார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அறையை விட்டு வெளியே போனால் முட்டை மார்க் என்று சற்று முன்னால்தான் தொண்டை கிழியச் சொல்லியிருந்தேன்.

நான் அலுவலக நிர்வாகம் கற்றுக்கொடுக்கிறவள். என் வகுப்பறையின் முன்பாதி ஒரு மேலாளரின் அறை. மேசை, சுழல் நாற்காலி, எங்கும் பேச முடியாத ஒரு தொலைபேசி, 'நிர்வாக மேலாளர்' என்று பித்தளைப் பலகை. மேசைமேல் 'வந்த தாள்கள்' என்று எழுதிய ஒரு தட்டு. எல்லாம் பயிற்சிக்காக நான் ஜோடித்தவை. ஆனால் அச்சு அசலாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தேர்வு இதுதான். தட்டில் உள்ள இருபத்து நான்கு தாள்களின் நகல் ஆளுக்கொரு கட்டு. நீங்கள்தான் மேலாளர். நாற்பது நிமிடத்தில் எது முதலில், எது கடைசியில் என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எடுத்த நடவடிக்கை' எழுத வேண்டும்.

இயக்குநரின் கடிதம் இருக்கும். வாடிக்கையாளரின் புகார் இருக்கும். யாருடைய பிறந்தநாளுக்கோ கேக் வாங்க அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் இருக்கும்.

கோணல்மாணலான கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டும் உண்டு. 'மூணாவது மாடி லிஃப்ட் கதவு தானா திறக்குது. உள்ளே பெட்டி இல்லை.'

என் விடைக்குறிப்பில் அதற்குப் பத்தொன்பதாவது இடம். நடவடிக்கை: பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்பலாம்.

கண்டக்டர் அக்கா ஓடும் பேருந்தில் இருபது வருடம் நின்று முழங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டவர். இதில் தேறினால் டிப்போ அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. தேறாவிட்டால் மறுபடியும் பேருந்துதான். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டைவிட்டவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

அப்படிப்பட்டவர் எழுந்து போகலாமா?

வகுப்பை எழுத்தரிடம் ஒப்படைத்துவிட்டுத் தேடிப் போனேன். கழிப்பறையில் இல்லை. வாசலில் இல்லை. காவலாளி மாடியைக் கைகாட்டினார்.

மூன்றாம் மாடி எங்கள் கிடங்கு. விளக்கு சரியாக எரியாத நடை. அதன் கோடியில் லிஃப்டுக்குக் குறுக்கே இரண்டு பழைய பெஞ்சுகளை இழுத்துப் போட்டு, அவற்றுக்கு முன்னால் ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் தாள்களை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

திட்டுவதற்காக வாயைத் திறந்தேன்.

அவருக்குப் பின்னால் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பெட்டி இல்லை. பிசுக்கேறிய கம்பிக் கயிறுகள் மட்டும் தொங்கின. கீழே பார்த்தால் கும்மிருட்டு.

போன வாரம் ஒரு காகிதக் கட்டை முகம் மறைக்கத் தூக்கிக்கொண்டு இதே லிஃப்டில்தான் நான் இறங்கினேன்.

அக்கா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"பரீட்சைக்குன்னு எழுதினதுதான்னு தெரியும் மேடம். ஆனா கதவு திறந்து கிடக்குன்னு படிச்ச பிறகு அடுத்த தாளைத் திருப்ப கை வரலை. கதவைப் பார்க்காம விசில் கொடுத்துப் பழக்கமில்லையே."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் பெருமையும் இல்லை, பதற்றமும் இல்லை.

நான் இட்டுக்கட்டிய தாள் என்று நம்பிக்கொண்டே, அந்த முழங்கால்களோடு, கடைசி வாய்ப்பை அடகு வைத்து மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார். எனக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை வருடத்தில் இப்படியொரு மேலாளரை நான் பார்த்ததில்லை.

இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருந்தது. முட்டை மார்க் விதியை நானே விழுங்கிவிட்டு, அவரைக் கீழே போய் எழுதச் சொன்னேன். லிஃப்ட் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். பிறகு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் கட்டடம் கூட்டுகிற அம்மா வாளியோடு வந்தார். என்னையும் பெஞ்சுகளையும் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எழுதி வச்சு ஒரு மாசம் ஆச்சும்மா. இப்பவாச்சும் மேனேஜர் ஆள் அனுப்பினாரே!"

எந்த மேனேஜர் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கட்டடத்தில் அப்படிப் பலகை வைத்த மேசை ஒன்றுதான் உண்டு.

அந்தச் சீட்டை என் சக ஆசிரியர் சேர்த்ததாக நினைத்து, மனுஷனுக்கு என்ன கற்பனை என்று நான் மெச்சியிருந்தேன். போனில் கேட்டபோது அவரும் என்னை அப்படியே மெச்சியதாகச் சொன்னார். ஒரே மாதத்தில் நான்கு வகுப்புகள், நூற்றுச் சொச்சம் மாணவர்கள். பத்தொன்பதாவது இடத்தில் அதை வைத்தவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

மாலையில் விடைத்தாள்களைத் திருத்தினேன். கண்டக்டர் அக்கா பாதியை ஏடாகூடமாக அடுக்கியிருந்தார். இயக்குநரின் கடிதத்தைப் பிறந்தநாள் கேக்குக்கும் கீழே தள்ளியிருந்தார்.

தேறிவிட்டார். எப்படி என்று மேலிடத்தில் யாராவது கேட்டால் அவருடைய விடைத்தாளின் முதல் வரியைக் காட்டுவேன்.

அங்கே லிஃப்ட் இருந்தது. எடுத்த நடவடிக்கை என்ற இடத்தில், 'போய்ப் பார்த்தேன். உண்மை. காவலுக்கு உட்கார்ந்திருக்கிறேன்' என்று எழுதி, கடைசி வாக்கியத்தை மட்டும் அடித்துவிட்டுத் திருத்தியிருந்தார்:

'மேடத்தை உட்கார வைத்திருக்கிறேன்.'